தூணைச் சுற்றி ஆறு மரம்

படம் ஓடும்போது தனலெட்சுமி கூடத்துக்கு வரவில்லை. சமையலறையில் கெம்போங் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். தொலைக்காட்சியில் தன் குரல் வந்ததும் அடுப்பைக் குறைத்தாள்.

கூடத்தில் மூன்று பேர் இருந்தார்கள். அவள் தம்பி கமலநாதன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஏழாம் கட்டைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் அவன். பக்கத்து வீட்டுக் கருப்பாயி தரையில் காலை நீட்டியிருந்தாள். தனலெட்சுமியின் மகள் லோஷினி சுவரோரம் நின்றாள்.

லோஷினிக்கு இருபத்தெட்டு வயது. ஜொகூர் பாருவில் கல்யாணங்களைப் படம் பிடிப்பது தொழில். மற்ற நாட்களில் விலங்குகளைப் படம் பிடித்தாள். பொந்தியான் கடலோரத்து நீர்நாய்களைப் பற்றி ஆறு நிமிடத்தில் ஒரு படம் எடுத்திருந்தாள். இது இரண்டாவது. செம்பனைத் தோட்டத்து ஆந்தைகள். இருபத்தாறு நிமிடம். கோலாலம்பூரில் ஒரு திரைப்பட விழாவுக்கு அதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.

படத்தில் தனலெட்சுமி கையில் வாளியோடு நின்றாள். பின்னால் ஒரு தூண். தூணின் உச்சியில் பலகைக் கூண்டு. கூண்டில் 14 என்று வெள்ளை பெயிண்டில் எழுதியிருந்தது.

"ஒரு மரத்துக்கு ஒரு கட்டி எலி மருந்து வைக்கணும்," என்றாள் படத்துத் தனலெட்சுமி. "ஆனா ஆந்தைத் தூண் இருக்குல்ல, அதச் சுத்தி ஆறு மரம். அந்த ஆறுக்கு நான் வைக்க மாட்டேன். பதிமூணு வருஷமா வச்சதில்ல. அங்க ஓடுற எலி ஆந்தையோடது."

"அலமாக்," என்றான் கமலநாதன். "நிறுத்து, நிறுத்து. திரும்பப் போடு."

லோஷினி திரும்பப் போட்டாள்.

"அக்கா!"

"மீன் கருகும்டா. இரு."

"பதிமூணு வருஷமா வைக்கலயா?"

"அதான் சொல்லுதே டிவில."

கருப்பாயி சிரித்தாள். "மண்டோருக்கே தெரியாதா? எங்களுக்கெல்லாம் தெரியுமே."

"உங்களுக்கெல்லாம் தெரியுமா?"

"எனக்குத் தெரியும். மத்தவங்க பங்ளாக்காரங்க. அவங்ககிட்ட போய் நான் எந்த பாசையில சொல்றது?"

வெளியே மழை. நவம்பர் பிறந்ததிலிருந்து விடவில்லை. இந்த லயத்து வரிசை வீடுகளில் முன்பு நாற்பது குடும்பம் இருந்தது. இப்போது இந்தப் பக்கம் ஒன்பது வீட்டில்தான் விளக்கு எரியும்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். சோறு, ரசம், கங்கோங் கீரை, நெத்திலி சம்பல், மீன். கமலநாதன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான். வாயில் வைக்கவில்லை.

"லோஷி, அந்த எடத்த வெட்டிடு."

"மாமா, படமே அதுதான்."

"அது ஒன் படம். எனக்கு அது வேற. மருந்து வச்சு நாலு நாள் கழிச்சுப் போய்ப் பாக்கிறோம். கட்டி இல்லன்னா எலி தின்னுருச்சுன்னு அர்த்தம். புதுசு வைக்கிறோம். பத்துல எட்டு கட்டி அப்படியே கெடக்கிற வரைக்கும் வைக்கணும். ஃபாரத்துல எழுதணும். எழுதுறது ஒங்கம்மா. கீழ கையெழுத்து யாரு? நான்." அக்காவைப் பார்த்தான். "அந்த ஆறு மரத்துக்கும் என்னன்னு எழுதுன?"

"தின்னலன்னு எழுதுனேன்."

"வைக்காத மருந்த எலி எப்படிக்கா தின்னும்?"

"அதான் தின்னல."

கருப்பாயிக்குப் புரையேறியது. லோஷினி தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"சிரிங்க," என்றான் கமலநாதன். "புது மேனேஜர் இத பாத்தா சிரிக்க மாட்டாரு. வேலைல இருக்கிறவங்களுக்குத்தான் வீடு. ஒங்கள காலி பண்ணச் சொல்லுவாரு. என் மண்டோர் வேலையும் போகும். எனக்கு ரெண்டு பிள்ளைங்க படிக்குது."

"மூஞ்ச மறைச்சிரலாம் மாமா. பேர போட மாட்டேன்."

"மூஞ்ச மறைச்சா? சிம்பாங் ரெங்கம் பாசார்ல ஒங்கம்மா நடந்து போனா முதுகப் பாத்தே பேர் சொல்லுவாங்க."

"மூஞ்ச மறைக்காதே," என்றாள் தனலெட்சுமி. "நான் என்ன திருடினேனா?"

"அப்ப வெட்டச் சொல்லுக்கா."

"எதுக்கு வெட்டணும்? அத வெட்டிட்டா நான் படத்துல எதுக்கு? வாளிய தூக்கிட்டு நடக்கிறதுக்கா? இந்தத் தோட்டத்துல ஆந்தைக்குன்னு ஒருத்தி ஏதோ செஞ்சான்னா அது நாந்தான். அத ஒரு நாலு பேரு பாக்கட்டும்."

அவள் குரல் உயரவில்லை. மீனின் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தாள்.

லோஷினி கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். அதில் சனிக்கிழமை வந்த ஒரு கடிதம் இருந்தது. அதை அவள் இன்னும் யாருக்கும் காட்டவில்லை.

ஆந்தைக் கூண்டுகள் தோட்டத்துக்கு வந்தபோது லோஷினிக்கு ஆறு வயது. லாரியில் இருபத்திரண்டு கூண்டுகள் வந்தன. அவற்றைப் பார்க்கும் வேலை அவள் அப்பா ஜெயபாலனுக்குக் கிடைத்தது. அதற்கு முன் அவர் செம்பனைக் குலை வெட்டுபவர். முதுகு போன பிறகு ஆபீஸ் கிராணி அவரை இதில் போட்டார். ஏணி தூக்குவதும் கூண்டைப் பார்ப்பதும்தான் வேலை. முட்டை எத்தனை, குஞ்சு எத்தனை என்று ஒரு தாளில் எழுத வேண்டும்.

லயத்தில் யாருக்கும் பிடிக்கவில்லை. சாவுக்குருவியை யாராவது வீடு கட்டிக் கூப்பிடுவார்களா என்று கேட்டார்கள். மூன்றாம் தூண் லயத்தின் பின்னாலேயே இருந்தது. அதற்குக் கருப்பாயி தினமும் கல் எறிந்தாள். ஜெயபாலன் கல்லைப் பொறுக்கி அவள் வீட்டு வாசலிலேயே குவித்து வைப்பார். மறுநாள் அவளுக்குத் தேடும் வேலை மிச்சம்.

பிறகு கருப்பாயியின் புருஷன் நெஞ்சு வலியென்று குளுவாங் மருத்துவமனையில் படுத்தார். மூன்று நாளும் ஆந்தை கூரை மேல் வந்து கத்தியது. கருப்பாயி நான்காம் நாள் காலை வெள்ளைச் சேலையை எடுத்து வெயிலில் போட்டாள். பத்து மணிக்கு அவர் பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்து வந்தார். கையில் ரொட்டி சானாய் பொட்டலம். அதன் பிறகும் அவர் பதினோரு வருஷம் உயிரோடு இருந்தார்.

"நல்லா அழுது முடிச்சுட்டேன், நடந்து வர்றாரு," என்று கருப்பாயி இன்றைக்கும் சொல்வாள். "அதுக்கப்புறம் ஆந்தை மேல பழி போட வாய் வரல."

ஜெயபாலன் ஒரு பழைய மோட்டார்சைக்கிள் கண்ணாடியை மூங்கிலின் நுனியில் கட்டியிருந்தார். ஏணி போடாமலே கூண்டுக்குள் பார்ப்பதற்கு. பள்ளி விடுமுறையில் லோஷினியை மோட்டாரில் வைத்து அழைத்துப் போவார். மூங்கிலைத் தூக்கி, "என்னா தெரியுது?" என்பார். கண்ணாடியில் முதலில் வானம் தெரியும். பிறகு செம்பனை மட்டை. பிறகு இருட்டு. அந்த இருட்டுக்குள் வெள்ளையாக நான்கு முகம் இருக்கும். பாம்பு மாதிரிச் சீறும். அவள் எண்ணிச் சொல்வாள். அவர் எழுதுவார். பதினொரு மணிக்குப் பாரிட் கால்வாய் ஓரம் உட்கார்ந்து, போத்தலில் கொண்டுவந்த பால் இல்லாத கோப்பி ஓவைக் குடித்து, பிஸ்கட்டை நனைத்துத் தின்பார்கள். பாரிட்டில் செம்மண் தண்ணீர் ஓடும். யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். அப்படி ஒரு வேலை இருந்தது. அப்படி ஒரு சம்பளமும் அதற்கு இருந்தது.

தூணுக்கு அடியில் கறுப்பாக உருண்டைகள் கிடக்கும். ஆந்தை கக்கியவை. ஜெயபாலன் குச்சியால் பிரித்துக் காட்டுவார். முடி. பல். சின்ன மண்டையோடு. ஒரு உருண்டையில் இரண்டு எலி, சில சமயம் மூன்று.

"பாத்தியா, எவ்வளோ எலும்பு. எலும்பு கெடக்கிற எடத்துலதானே தின்னுருக்கும். இது தூரமா போகாது. வீட்டு வாசல்லயே புடிச்சுத் தின்னுக்கும். ஒங்கம்மா மாதிரி."

தனலெட்சுமி அப்போது லயத்தின் எல்லையைத் தாண்டாதவள். கடைக்குப் போகவும் ஆள் வேண்டும். இதை அவர் வீட்டிலும் சொல்வார். அவள் கரண்டியை ஓங்குவாள்.

பதிமூன்று வருஷத்துக்கு முன் எலி மருந்து வந்தது. கூண்டு உடைந்தால் புதிது தருவதில்லை என்றார்கள். ஜெயபாலனை உர மூட்டைக் கிடங்குக்கு மாற்றினார்கள். மருந்து வைக்கும் கூட்டத்தில் தனலெட்சுமி சேர்ந்தாள். முதல் நாளே ஒவ்வொரு தூணைச் சுற்றியும் இருந்த ஆறு மரத்தை விட்டுவிட்டாள். அவரிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன் அவர் இறந்தார். இருபத்திரண்டில் ஐந்து கூண்டுகள் மிஞ்சியிருந்தன. அந்த ஐந்தைச் சுற்றியும் அவள் மருந்து வைக்கவில்லை.

செப்டம்பரில் பதினாலாம் தூணுக்கு அடியில் ஒரு பெரிய ஆந்தையும் இரண்டு குஞ்சும் செத்துக் கிடந்தன. தனலெட்சுமி பெரிய ஆந்தையை பிளாஸ்டிக் பையில் சுற்றி ஐஸ் பெட்டியில் வைத்தாள். மகள் வரும்வரை ஒன்பது நாள் மீனுக்குப் பக்கத்தில் அது இருந்தது. லோஷினி அதைப் பல்கலைக்கழகத்துப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் கொடுத்தாள்.

அதன் பதில்தான் சனிக்கிழமை வந்த கடிதம்.

"சாவுக்குருவிய ஐஸ் பெட்டில வச்ச ஒரே தமிழச்சி நீதாண்டி," என்றாள் கருப்பாயி, கை கழுவிவிட்டு வந்து. "நான் அந்த ஒம்பது நாளும் ஒன் வீட்டுல தண்ணி குடிக்கல தெரியுமா?"

"தெரியும். தேத்தண்ணிதான் குடிச்ச."

"அது கொதிக்க வச்சது."

கமலநாதன் மட்டும் சிரிக்கவில்லை. "லோஷி, என்னா சொல்ற? வெட்டுறியா இல்லயா?"

"மாமா, கொஞ்சம் இருங்க." லோஷினி அம்மாவைப் பார்த்தாள். "அம்மா, லேப்ல இருந்து பதில் வந்துருச்சு."

தனலெட்சுமி தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "எந்த லேப்பு?"

"ஆந்தைய கொடுத்தோம்ல."

"வந்துருச்சா? என்னாவாம்? நான் சொன்னேன்ல, இடி. அன்னைக்கு எடுத்த இடிக்கு நம்ம வீட்டு ஃபேனே நின்னுச்சு."

"இடி இல்ல மா. ஈரல்ல மருந்து இருந்துச்சாம்."

"என்னா மருந்து?"

"நீங்க வைக்கிற மருந்து."

தனலெட்சுமி தட்டுகளைத் தரையில் வைத்தாள்.

"பதினாலாம் தூணுக்கு நான் வைக்கலயே."

"தெரியும் மா."

"சுத்தி ஆறு மரத்துக்கும் வைக்கலயே. வேற யாரும் அந்தப் பக்கம் வைக்கல. அது என் வரிசை. கருப்பாயிக்கா, நீ வச்சியா?"

"நான் எதுக்குடி வைக்கிறேன்? என் வரிசை ரோட்டோரம்."

"அம்மா, ஆந்தை அந்த ஆறு மரத்துல மட்டும் புடிக்காது. தூரமா போகும். அந்த லேப்புல இருக்கிறவங்ககிட்ட பேசினேன். ஒரு கிலோமீட்டர் வரைக்கும் போகுமாம். அங்க மருந்து தின்ன எலிய புடிச்சுட்டு கூண்டுக்கு வந்துதான் கக்கும். அதான் எலும்பெல்லாம் தூணுக்கு அடில கெடக்கு."

கருப்பாயி காலை மடக்கிக்கொண்டாள்.

"ஒங்கப்பா சொல்லியிருக்காரு," என்றாள் தனலெட்சுமி.

"அப்பாவுக்குத் தெரியாது மா."

"ஒம்பது வருஷம் பாத்தாரு."

"பகல்ல பாத்தாரு. அது ராத்திரில போகும்."

தனலெட்சுமி எழுந்து பின்கட்டுக்குப் போனாள். குழாயைத் திறந்தாள். தட்டுகள் கூடத்திலேயே இருந்தன. அவள் எதைக் கழுவுகிறாள் என்று தெரியவில்லை.

கமலநாதன் குரலைத் தாழ்த்தினான். "இப்ப வெட்டிடலாம்ல? அக்கா சொன்னதுல ஒண்ணும் இல்லன்னு ஆயிருச்சே."

லோஷினி தொலைக்காட்சியை அணைத்தாள்.

"நான் மோசமானவன் இல்ல, லோஷி. ஒங்கப்பாதான் எனக்கு மொதல்ல மோட்டார் ஓட்டக் கத்துக் கொடுத்தாரு. அவரு பேர நான் கெடுப்பேனா? வீட்டுக்காகச் சொல்றேன்லா."

"தெரியும் மாமா."

தனலெட்சுமி வாசற்படியில் வந்து நின்றாள். கை ஈரமாக இருந்தது.

"மிச்சக் கட்டிய என்னா செஞ்சேன் தெரியுமா?" என்றாள். யாரையும் பார்க்கவில்லை. "ஒரு தூணுக்கு ஆறு கட்டி மிஞ்சும். திருப்பிக் கொண்டு போனா ஸ்டோர்ல கேப்பாங்கன்னு அடுத்த வரிசைல வச்சிருவேன். ஒரு மரத்துக்கு ரெண்டு ரெண்டா."

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் ஆறு மணிக்குப் பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு. ஆபீஸ் முன்னால் மழைக்கோட்டுகளில் ஆட்கள் நின்றார்கள். கமலநாதன் ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டான். தரை ஊறிக் கிடந்ததால் மருந்து வேலை இல்லை என்றான். குலை வெட்டுபவர்களும் காத்திருக்க வேண்டும். ஆட்கள் கலைந்து கூரைக்கு அடியில் சிகரெட் பற்றவைத்தார்கள்.

தனலெட்சுமி தம்பியிடம் வந்தாள். இராத்திரி அவள் படுத்த மாதிரித் தெரியவில்லை. ஆனால் தலை சீவிப் பூ வைத்திருந்தாள்.

"மேனேஜர் எத்தன மணிக்கு வருவாரு?"

"பத்து. எதுக்கு?"

"பாக்கணும். நான் வைக்காம வச்சேன்னு எழுதுனத சொல்லணும். நீ என்னைய நம்பிக் கையெழுத்து போட்ட. அதையும் சொல்லணும்."

"அக்கா, பைத்தியமா? அவருக்கே தெரியாதத நீயே போய்..."

"படத்துல பாத்து தெரிஞ்சுக்கிறதுக்கு நானே சொல்றது மேல். அப்ப ஒன் மேல பழி வராது."

"வெட்டினா எதுவுமே வராதே! வீட்ட விடச் சொன்னா எங்க போவ?"

"சிம்பாங் ரெங்கத்துல வீடே இல்லயா? மக ஒருத்தி இருக்கா, ஜொகூர் பாருல. அவ ரூம்ல பாய் போட எடமில்லன்னா கேமராவ வெளிய வைக்கட்டும்."

கமலநாதன் ஆட்களின் பெயர் எழுதிய அட்டையை மடக்கினான். மழைத்தண்ணீர் அதன் ஓரத்தில் சொட்டியது.

"ஜெயபாலன் மாமா இருந்தா ஒன்னைய திட்டுவாரு."

"மாமா இருந்தா நான் அவரத் திட்டுவேன்," என்றாள் அவள்.

எட்டு மணிக்கு மழை தூறலானது. லோஷினி கேமராவுக்கு பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டு அம்மாவின் பின்னால் நடந்தாள். தனலெட்சுமிதான் கூப்பிட்டாள். எதற்கென்று சொல்லவில்லை. மட்டைக் குவியல்களில் காளான் பூத்திருந்தது. ஒவ்வொரு அடிக்கும் சேறு பூட்ஸை உறிஞ்சியது. பதினாலாம் தூணின் கூண்டு காலியாக இருந்தது. கீழே பழைய உருண்டைகள் மழையில் கரைந்து முடி மட்டும் மண்ணில் ஒட்டியிருந்தது.

"ஓடுதா?"

"ஓடுது மா."

தனலெட்சுமி தூணுக்கு முன்னால் நின்றாள். கேமராவைப் பார்த்தாள்.

"போன தடவ இங்க நின்னுதான் ஆறு மரம்னு சொன்னேன். அது தப்பு. எலும்பு கெடக்கிற எடத்துல தின்னுருக்கும்னு நெனச்சேன். எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் நெனச்சாரு." கூண்டை நிமிர்ந்து பார்த்தாள். "நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன். ஆந்தை செத்துப் போச்சு."

லோஷினி கண்ணை எடுக்கவில்லை.

"அம்மா, இத போடணும்னு இல்ல. ரெண்டையும் எடுத்துறலாம். மாமா சொல்ற மாதிரி..."

"ரெண்டையும் போடு. மொதல்ல அது. பின்னாடி இது." தனலெட்சுமி முகத்தைத் துடைத்தாள். "ஒரு கிலோமீட்டர்னு சொன்னியே, அது எத்தன மரம்?"

"என்ன மா?"

"மரத்துக்கு மரம் முப்பது அடி. எத்தன மரம் வரும்?"

லோஷினி மனதுக்குள் கணக்குப் போட்டாள். "நூத்திப்பத்து. ஒரே நேரா போனா."

"நீ இங்கயே நில்லு. நான் போய் பாக்கிறேன்."

"எங்க?"

"ஆந்தை போற எடத்துக்கு."

அவள் மரங்களைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு கிழக்கே நடந்தாள். முதலில் குரல் கேட்டது. பதினேழு, பதினெட்டு. பிறகு உதடு மட்டும் அசைந்திருக்க வேண்டும்; முதுகுதான் தெரிந்தது. மஞ்சள் மழைக்கோட்டு இரண்டு வரிசை மரங்களுக்கு நடுவில் சிறுத்துக்கொண்டே போனது. லோஷினி கேமராவை நகர்த்தவில்லை. மட்டைகளிலிருந்து நீர் சொட்டியது. மஞ்சள் ஒரு புள்ளியாகி, ஒரு பள்ளத்தில் மறைந்தது.

கைப்பேசி அடித்தது.

"பாரிட்டுக்கு வந்துட்டேன். அறுபத்தெட்டு."

"இன்னும் நாப்பத்திரெண்டு மா."

"இதுக்கு அந்தப் பக்கம் நம்ம தோட்டம் இல்லயே."

"ஆமா."

"அங்க யாரு மருந்து வைக்கிறா?"

"தெரியல மா."

மறுமுனையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. தனலெட்சுமி மூச்சு வாங்கினாள்.

"ஒரு பலகை போட்டிருக்கு. ஈரமா கெடக்கு."

"வேணாம் மா. திரும்பி வாங்க. பத்து மணிக்கு ஆபீஸ் போகணும்ல."

"இப்ப மணி என்னா?"

"எட்டு அம்பது."

"நேரம் இருக்கு. ஃபோன வைக்காதே."

பலகை அழுந்தும் சத்தம் வந்தது. ஒருமுறை. இன்னொரு முறை. பிறகு எதுவும் கேட்கவில்லை. லோஷினி கேமராவின் சிவப்பு விளக்கைப் பார்த்தாள். எரிந்துகொண்டிருந்தது. படத்தில் மரங்கள் மட்டுமே இருந்தன.

"அறுபத்தொம்பது," என்றாள் அம்மா. "இங்கயும் அதே நீல மருந்துக் கட்டிதான் வச்சிருக்காங்க."

"சரி மா."

"எழுபது."